கார்டன் சைல்டும் கார்பன் பதினான்கும்

ஒரு பழைய மரக்கரியில் கார்பன்-14 அணுக்களின் விகிதம் பாதியாகக் குறைந்திருக்கிறது. அந்த மரம் வெட்டப்பட்டு எத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கும்? இளங்கலை வகுப்பில் ஆண்டுதோறும் நான் கொடுக்கும் கணக்கு இது. விடை 5,730 ஆண்டுகள். கால் பங்காகக் குறைந்திருந்தால் 11,460 ஆண்டுகள். மாணவர்கள் நொடியில் போட்டுவிடுவார்கள். ஒருமுறை ஒரு மாணவர் எழுந்து, "சார், கரியின் வயது தெரிந்துவிட்டது. அதனால் யாருக்கு என்ன தெரிந்தது?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வயது என்பது ஓர் எண். அந்த எண்ணை வைத்துக்கொண்டு எதை அறிய வேண்டும் என்பதை இயற்பியல் சொல்லித் தராது. கேள்வி வேறிடத்திலிருந்து வர வேண்டும்.

அந்த மாணவருக்கு விடை சொல்வதற்காகவே, வி. கார்டன் சைல்ட் எழுதிய ஒரு பழைய நூலை மீண்டும் எடுத்துப் படித்தேன். 1936-ல் வெளிவந்த அதன் ஆங்கிலத் தலைப்பை 'மனிதன் தன்னைத் தானே ஆக்கிக்கொள்கிறான்' என்று தமிழில் சொல்லலாம். அறிஞர்களுக்காக அல்லாமல் பொது வாசகர்களுக்காக எழுதப்பட்ட நூல் அது. மார்க்சின் கொள்கை தொல்பொருளியலுக்கு என்ன கொடுத்தது, எங்கே அதைக் கெடுத்தது என்பதைப் புரிந்துகொள்ள இதைவிடப் பொருத்தமான நூல் கிடையாது. காரணம், இதில் அந்தக் கொள்கையின் பலமும் இருக்கிறது, பலவீனமும் இருக்கிறது.

கேள்வி மாறியது

சைல்ட் 1892-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் பிறந்தவர். இளமையில் தொழிலாளர் இயக்கத்தில் ஈடுபட்டார். நியூ சவுத் வேல்ஸ் மாநிலப் பிரதமர் ஒருவரிடம் செயலாளராகவும் இருந்தார். பிறகு அரசியலை விட்டுத் தொல்பொருளியலுக்கு வந்தார். 1927 முதல் 1946 வரை எடின்பரோவில் பேராசிரியர். அதன்பின் 1956 வரை லண்டன் தொல்பொருளியல் கழகத்தின் இயக்குநர்.

அவருக்கு முன் இந்தத் துறை எப்படி இருந்தது? கற்காலம், வெண்கலக் காலம், இரும்புக் காலம் என்ற பகுப்பை டென்மார்க்கின் தாம்சன் 19-ம் நூற்றாண்டிலேயே வகுத்திருந்தார். ஆனால் அது பெரும்பாலும் அருங்காட்சியக அலமாரிகளை ஒழுங்குபடுத்தும் முறையாகவே இருந்தது. ஜெர்மனியில் கொசின்னா என்பவர் பானை ஓடுகளின் வடிவங்களை இனங்களோடு முடிச்சுப் போட்டார். இந்த வகைப் பானை கிடைத்த இடமெல்லாம் எங்கள் முன்னோர் நாடு என்று சொல்ல அது வழி செய்தது. நாஜிகள் அதை இறுகப் பற்றிக்கொண்டார்கள். சைல்ட் தம் நூலை எழுதியது அந்த நாட்களில்தான் என்பதை மறந்துவிடக் கூடாது.

'இது எந்த இனத்தின் பொருள்?' என்ற கேள்வியை அவர் ஒதுக்கி வைத்தார். 'இதைச் செய்தவர்கள் எப்படிப் பிழைத்தார்கள்?' என்று கேட்டார். இந்தக் கேள்வி மார்க்சிடமிருந்து வந்தது. ஒரு சமுதாயம் தனக்கு வேண்டியதை எப்படி உற்பத்தி செய்கிறதோ, அதைப் பொறுத்தே அதன் மற்ற அமைப்புகள் வளர்கின்றன என்பது மார்க்சின் அடிப்படைக் கருத்து. அழிந்த விலங்கை அறிய எலும்பு எப்படியோ, அழிந்த சமுதாயத்தை அறிய உழைப்புக் கருவிகள் அப்படி என்னும் பொருள்பட 'மூலதனம்' முதல் பாகத்தில் (1867) அவர் எழுதியிருக்கிறார். மண்ணுக்கடியில் சட்டமும் சமயமும் கிடைப்பதில்லை. கோடரியும் அரிவாளும் கிடைக்கின்றன. ஆகவே தொல்பொருளியலாருக்கு இந்தக் கொள்கை கைக்கு அடக்கமாக இருந்தது.

இதை வைத்துச் சைல்ட் மனித வரலாற்றில் இரண்டு பெரிய திருப்பங்களைக் கண்டார். உணவைத் தேடி அலைந்த மனிதர்கள் பயிரிட்டும் கால்நடை வளர்த்தும் உணவை உண்டாக்கத் தொடங்கியதைப் 'புதிய கற்காலப் புரட்சி' என்றார். உழவர்கள் தங்கள் தேவைக்கு மேல் விளைவித்த உபரியைக் கொண்டு கொல்லர், குயவர், எழுத்தர், பூசாரி, அரசன் ஆகியோர் வாழும் நகரங்கள் எழுந்ததை 'நகரப் புரட்சி' என்றார். பாடநூல்களில் நாம் படித்த இந்தச் சொற்கள் அவர் தந்தவை. தொழிற்புரட்சிக்குப் பின் பிரிட்டனின் மக்கள்தொகை வரைகோடு திடீரென்று மேலேறியதைக் காட்டி, ஒரு மாறுதல் புரட்சியா இல்லையா என்பதை மக்கள் பெருகினார்களா என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்கிறார். அளந்து பார்க்கக்கூடிய ஓர் உரைகல்லை அவர் வைத்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

கையும் ஏடும்

நூலில் என்னை அதிகம் சிந்திக்க வைத்த பகுதி கண்டுபிடிப்புகளைப் பற்றியது. கி.மு. 3000-க்கு முந்திய சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளில் ஏர், சக்கர வண்டி, பாய்மரப் படகு, செம்பு உருக்குதல், செங்கல், முத்திரை என்று கண்டுபிடிப்புகள் வரிசையாக வருகின்றன. அதன் பிறகு பெரிய நகரங்களும் அரசுகளும் வந்துவிட்டன. அடுத்த இரண்டாயிரம் ஆண்டுகளில் அவற்றோடு ஒப்பிடத்தக்கவை நான்கே என்கிறார் சைல்ட்: பாபிலோனின் எண்முறை, சிக்கனமாக இரும்பு உருக்கும் முறை, அகரவரிசை எழுத்து, நகரத்துக்கு நீர் கொண்டுவரும் கால்வாய்.

வளர்ச்சி ஏன் மந்தமாயிற்று? உபரி ஒரு சிலரிடம் சேர்ந்தது. உழைப்பவர்களுக்குத் தம் கண்டுபிடிப்பின் பலன் கிடைக்கவில்லை. ஆள்பவர்களுக்கு வேலையாட்கள் ஏராளமாக இருந்ததால் உழைப்பைக் குறைக்கும் கருவி தேவைப்படவில்லை. எழுதத் தெரிந்தவர் கையால் வேலை செய்யவில்லை. கையால் வேலை செய்தவருக்கு எழுத்து கிடைக்கவில்லை. இது சைல்டின் விளக்கம்.

இதைப் படித்தபோது எங்கள் ஆய்வுக்கூடம் நினைவுக்கு வந்தது. சூளையின் நிறத்தைப் பார்த்தே வெப்பம் போதுமா என்று சொல்லும் குயவர் வீட்டுப் பிள்ளை, வெப்பக் கதிர்வீச்சுப் பாடத்தைப் பொருள் தெரியாமல் உருப்போடுகிறான். தன் வீட்டில் உள்ள அறிவும் பாடநூலில் உள்ள அறிவும் ஒன்றுதான் என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை. நானும் பல ஆண்டுகள் சொல்லாமல்தான் இருந்தேன். ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் விழுந்த பிளவு இன்னும் மூடவில்லை.

ஆனால் விமர்சகன் இங்கே உணர்ச்சிவசப்பட்டு நின்றுவிடக் கூடாது. சைல்டின் பட்டியலைச் சரிபார்க்க வேண்டும். ஆரக்கால் வைத்த சக்கரம் கி.மு. 2000 அளவில் வந்தது. அது நான்கில் இடம்பெறவில்லை. கண்ணாடிப் பாத்திரம் செய்யும் கலையும் அந்த இரண்டாயிரம் ஆண்டுகளுக்குள் வளர்ந்ததுதான், அதுவும் இல்லை. எதைப் 'பெரிய' கண்டுபிடிப்பு என்று எண்ணுவது, எதை விடுவது என்பதை எண்ணுகிறவரே தீர்மானித்தால், வரும் எண்ணிக்கை அவர் விரும்பிய எண்ணிக்கையாகவே இருக்கும். சைல்ட் கண்ட பிளவு மெய்யானது. அதற்கு அவர் காட்டிய கணக்கு மட்டும் தளர்ச்சியானது.

கார்பன்-14 சொன்ன தீர்ப்பு

இனி என் துறைக்கு வருகிறேன். சைல்ட் காலத்தில் எகிப்து, மெசொப்பொத்தேமியா ஆகிய நாடுகளின் அரசர் பட்டியல்களே கால அளவுக்கு ஆதாரம். எழுத்தில்லாத ஐரோப்பாவின் பழம்பொருள்களுக்கு வயது சொல்ல வேண்டுமானால், அவற்றைக் கிழக்கு நாட்டுப் பொருள்களோடு ஒப்பிட்டு, 'இது அதைப் பார்த்துச் செய்தது. ஆகவே அதற்குப் பிந்தியது' என்றுதான் சொல்ல முடியும். பெரிய கற்களை நிறுத்திக் கல்லறை கட்டும் வழக்கம் கிழக்கு மத்தியதரைக் கடலில் தோன்றி, ஸ்பெயின் வழியாக பிரான்சின் வடமேற்குக் கரைக்கும் பிரிட்டனுக்கும் பரவியது என்று சைல்ட் நம்பினார்.

1949-ல் சிகாகோவில் வில்லர்ட் லிபியும் அவர் குழுவினரும் கார்பன்-14 முறையை வெளியிட்டார்கள். 1960-ல் லிபிக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. உயிருள்ள மரத்திலுள்ள கார்பனில் ஏறக்குறைய லட்சம் கோடியில் ஓர் அணு கார்பன்-14. மரம் செத்தபின் அது புதிதாகச் சேராது, சிதைந்துகொண்டே போகும். மீதியை அளந்தால் வயது தெரியும். ஆனால் காற்றிலுள்ள கார்பன்-14 எல்லாக் காலத்திலும் ஒரே அளவில் இருந்ததில்லை. கலிபோர்னியா மலைகளில் நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேல் வாழும் ஒருவகை பைன் மரங்கள் உண்டு. அவற்றின் ஆண்டு வளையங்களை ஒவ்வொன்றாக எண்ணி, அதே வளையத்தின் கார்பன் வயதையும் அளந்து, 1960-களின் பிற்பகுதியில் ஹான்ஸ் சூஸ் ஒரு திருத்த அட்டவணை தந்தார். அதன்படி கி.மு. மூன்றாம் ஆயிரத்தைச் சேர்ந்த பல கார்பன் தேதிகள் மேலும் ஐந்நூறு முதல் எண்ணூறு ஆண்டுகள் பின்னுக்குப் போயின.

விளைவு என்ன? பிரான்சின் அந்தக் கல்லறைகளில் மிகப் பழையவை கி.மு. 4500 அளவைச் சேர்ந்தவை என்று ஆயிற்று. எகிப்தின் பெரிய பிரமிடு கி.மு. 2600 அளவில்தான் எழுந்தது. மாணவன் ஆசிரியருக்கு முன் பிறந்துவிட்டான்! 1973-ல் கொலின் ரென்ஃபுரூ எழுதிய நூல் இந்தத் தலைகீழ் மாற்றத்தை உலகுக்கு விளக்கியது. சைல்டே தோண்டிய ஊரின் கதை இன்னும் சுவையானது. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவில் ஸ்காரா பிரே என்ற கல் வீட்டுக் குடியிருப்பை 1928 முதல் 1930 வரை அவர் அகழ்ந்தார். அது இரும்புக் காலத்துப் பிக்ட் மக்களின் ஊர் என்று 1931-ல் நூல் எழுதினார். பின்னர் அது கற்கால ஊர் என்பதை ஒப்புக்கொண்டு திருத்திக்கொண்டார். கார்பன்-14 இன்று அதற்குத் தரும் தொடக்கக் காலம் கி.மு. 3100-க்கும் முந்தியது.

இங்கே ஒன்றை ஊன்றிக் கவனிக்க வேண்டும். மார்க்சியத் தொல்பொருளியல் கார்பன்-14-ஆல் வீழ்ந்தது என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அது தவறு. இங்கே உடைந்தது 'எல்லாம் கிழக்கிலிருந்து பரவியது' என்ற கருத்து. அது மார்க்சிடமிருந்து வந்ததல்ல. சைல்ட் காலத்து ஐரோப்பிய அறிஞர்கள் பலரும் ஏற்றிருந்த கருத்து. அதிலும் பாதி பிழைத்துக்கொண்டது. உழவு ஐரோப்பாவுக்கு மேற்காசியாவிலிருந்து, உழவர்களோடு சேர்ந்தே வந்தது என்று சைல்ட் சொன்னதைப் பழைய எலும்புகளின் மரபணு ஆய்வு உறுதி செய்திருக்கிறது.

விடை முதலில், தோண்டல் பிறகு

மார்க்சின் பெயரால் நடந்த மெய்யான தவறு வேறிடத்தில் நடந்தது. சோவியத் நாட்டில் 1919-ல் லெனின் ஆணைப்படி பொருட்பண்பாட்டு வரலாற்றுக் கழகம் அமைக்கப்பட்டது. தொடக்கம் நல்ல தொடக்கம்தான். ஆனால் நிக்கோலாய் மார் என்ற மொழியியலாரின் கொள்கை அங்கே அதிகாரக் கொள்கையாயிற்று. ஒவ்வொரு சமுதாயமும் தானாகவே, குறித்த படிகளில் ஏறி வளர்ந்தது. மக்கள் இடம்பெயர்ந்தார்கள் என்று விளக்குவது பூர்ஷ்வாத் தவறு என்றாகிவிட்டது. 1930-களின் தொடக்கத்தில் தொல்பொருளியலார் பலர் கைதானார்கள். பிறகு 1950-ல் ஸ்டாலினே பிராவ்தா நாளேட்டில் மாரைக் கண்டித்து எழுதினார். உடனே அந்தக் கொள்கை மறைந்தது. அதை மாற்றியது ஓர் அகழாய்வு அல்ல, ஒரு நாளேட்டுக் கட்டுரை.

வினாத்தாளுக்கு வெளியே விடை கசிந்துவிட்டால், படி இல்லாமல் விடையை மட்டும் எழுதும் மாணவர்கள் உண்டு. விடை சரியாக இருந்தாலும் நான் மதிப்பெண் தருவதில்லை. படிதான் இயற்பியல். பெருங்கல் கல்லறைகள் கிழக்கைப் பார்த்துச் செய்யப்பட்டவை அல்ல என்று இன்று தெரிந்திருப்பதால், 'எல்லாம் உள்ளிருந்தே வளர்ந்தது' என்று ஆணையிட்டவர்கள் வென்றுவிட்டதாக ஆகாது. அவர்களிடம் படி இல்லை. சைல்டிடம் விடை தவறு, படி இருந்தது. அதனால்தான் எந்தப் படியில் தவறு என்று காட்ட முடிந்தது.

சைல்டும் இந்தச் சோவியத் முறையால் சில காலம் கவரப்பட்டார். 1935-ல் அங்கே போய்வந்தார். 1946-ல் ஸ்காட்லாந்தின் முன்வரலாற்றை அந்த முறையிலேயே எழுதிப் பார்த்தார். ஆனால் 1956 இறுதியில் சோவியத் அறிஞர்களுக்கு எழுதிய கடிதத்தில் அவர்களது ஆய்வு முறையின் தரக்குறைவைச் சுட்டிக்காட்டினார். நண்பர்களிடம் குறை சொல்வது எளிதல்ல. 1957-ல் அவர் இறந்தார். மறு ஆண்டு வெளியான கட்டுரை ஒன்றில் தம் பிழைகளைத் தாமே எடுத்துரைத்திருக்கிறார்.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே சோவியத் நாட்டில் செம்யோனோவ் என்பவர் கற்கருவிகளின் விளிம்பை நுண்நோக்கியில் வைத்துப் பார்த்தார். தேய்மானத்தின் கீறல்களைக் கொண்டு அது தோல் சுரண்டியதா, மரம் அறுத்ததா, தாள் அரிந்ததா என்று கண்டறியும் முறையை வளர்த்து 1957-ல் நூலாக வெளியிட்டார். கருவியின் அழகைப் பாராமல் அது செய்த வேலையைப் பார் என்பது மார்க்சியக் கேள்வி. அந்தக் கேள்வி ஒரு சோதனை முறையைப் பெற்றெடுத்தது. இன்று உலகெங்கும், எந்தக் கட்சியையும் சாராதவர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

உபரி முதலா, கோயில் முதலா?

சைல்டின் மையக் கருத்துக்கே வந்த சோதனை துருக்கியில் கிடைத்தது. கொபெக்லி தெபெ என்ற மேட்டை 1995 முதல் கிளவுஸ் ஷ்மிட் அகழ்ந்தார். கி.மு. 9500 அளவில், பயிர்த்தொழில் வேரூன்றுமுன், வேட்டையாடி வாழ்ந்த மக்கள் ஐந்து மீட்டருக்கும் மேல் உயர்ந்த கல் தூண்களை வட்டமாக நிறுத்தி விலங்குருவங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். சைல்டின் வரிசைப்படி உழவு, உபரி, பிறகுதான் பெரிய கட்டடம். இங்கே கட்டடம் முந்திக்கொண்டது. கோயில் கட்டக் கூடியவர்களுக்குச் சோறு போடத்தான் உழவே பிறந்தது என்று ஷ்மிட் கருதினார். ஆனால் பின்னர் அங்கே வீடுகளும் காட்டுத் தானியம் அரைத்த கற்களும் கிடைத்ததால் அந்த விளக்கமும் அப்படியே நிற்கவில்லை.

அதே துருக்கியில் சாட்டல்ஹூயுக் என்ற ஊரில் எண்ணாயிரம், ஒன்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆயிரக்கணக்கானோர் நெருக்கமாக வாழ்ந்தார்கள். உழவு உண்டு, ஆனால் அரண்மனை இல்லை. சிந்துவெளி நகரங்களிலும் அரசன் இருந்தான் என்று ஐயமறச் சொல்ல ஓர் அரண்மனையோ அரச கல்லறையோ கிடைக்கவில்லை. உபரி வந்தால் ஆளும் வர்க்கம் தானாக வந்துவிடும் என்பது இயற்கை விதி அல்ல என்று இவை காட்டுகின்றன. 'புரட்சி' என்ற சொல்லும் பொருந்தவில்லை. காட்டுக் கோதுமை வீட்டுக் கோதுமையாக மாறவே ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பிடித்தன.

ஆனால் இந்தச் சான்றுகளைத் தேடியவர்கள் கேட்ட கேள்விகளைப் பாருங்கள்: என்ன உண்டார்கள்? யார் சமைத்தார்கள்? யாரிடம் மிச்சம் இருந்தது? யார் வீடு பெரிது? எல்லாமே சைல்ட் கேட்டவை.

நம் நாட்டில் ஒரு கணித அறிஞர்

இந்தியாவில் இந்த வழியில் முன்னோடியாக நின்றவர் டி. டி. கோசாம்பி (1907–1966). தொழிலால் கணித அறிஞர். நாணயம் கைமாறக் கைமாறத் தேயும். ஆகவே ஒரு தொகுதியின் சராசரி எடை குறையும், எடைகளின் சிதறல் கூடும். இதை வைத்து ஆயிரக்கணக்கான பழைய முத்திரைக் காசுகளை எடைபோட்டு, எது முந்தியது, எது பிந்தியது என்று வரிசைப்படுத்தினார். இயற்பியல் மாணவர்கள் வீட்டில் செய்து பார்க்கத்தக்க ஆய்வு!

கோசாம்பி மார்க்சியவாதி. ஆனால் 1949-ல் எஸ். ஏ. டாங்கே இந்திய வரலாற்றைப் புராதனப் பொதுவுடைமை, அடிமை முறை என்ற சட்டத்தில் அடைத்து நூல் எழுதியபோது, அதை மிகக் கடுமையாக விமர்சித்தார். மார்க்சியம் சிந்தனைக்கு மாற்று அல்ல, ஆராய்வதற்கான கருவி என்பது அவர் நிலை. அவர் கருத்துகளும் சோதிக்கப்பட்டன. கங்கைச் சமவெளியின் காடுகளை இரும்புக் கருவிகள் அழித்ததால்தான் அங்கே பேரரசு எழுந்தது என்று அவரும் அவரைப் பின்பற்றியோரும் கருதினார்கள். 1973-ல் ஏ. கோஷ் இதை மறுத்து எழுதினார். தொடக்கக்கால இரும்புப் பொருள்களில் ஈட்டியும் அம்பு முனையும் மிகுதி. கோடரியும் கொழுவும் குறைவு என்பது அந்த வாதத்தில் முக்கியமான சான்றாயிற்று. தோண்டினால் பொய்யாகக்கூடியதைச் சொன்னதால்தான் அந்த விவாதமே நடந்தது.

இன்று நம்மிடையே கீழடியைப் பற்றிப் பேசாதவர் இல்லை. அங்கே கிடைத்த கரிக்கு கி.மு. 580 என்று கார்பன் தேதி வந்ததை 2019-ல் அறிவித்தார்கள். எண்ணைச் சொல்லி மகிழ்கிறோம். அது யாருடைய பெருமை என்று சண்டையும் போடுகிறோம். அங்கே கிடைத்த தக்களியைச் சுழற்றியவர் யார், அவர் நூற்ற நூலால் யார் உடுத்தினார், அவருக்கு என்ன கூலி கிடைத்தது என்று எத்தனை பேர் கேட்கிறோம்?

அந்த மாணவருக்கு நான் சொன்ன விடை இதுதான். கரியின் வயது, ஓர் அறிஞர் வாழ்நாள் முழுவதும் நம்பிய ஒன்றைத் தவறு என்று காட்டியது. அவரது கேள்வியை அது தொடவே இல்லை. ஒரு கொள்கை நல்ல கேள்வியைக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். விடையையும் சேர்த்துக் கொடுத்தால் மண்வெட்டியை எடுங்கள். சைல்டின் நூலைப் படிக்கும்போது பென்சிலும் கையில் இருக்கட்டும். பக்கத்துக்குப் பக்கம் திருத்த வேண்டியிருக்கும். ஆனாலும் கடைசிப் பக்கம் வரை படித்துவிடுவீர்கள்.